கடனுக்காகக் காணியை அறுதியாக எழுதிக் கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். மனைவிக்குச் சீதனமாகக் கிடைத்த, கோண்டாவிலில் உள்ள நான்கு பரப்புக் காணியில் வீடு கட்டத் தொடங்கினீர்கள். சுவர் எழும்பிக் கூரை மட்டத்துக்கு வந்தபோது கையிருப்பு முடிந்துவிட்டது. வருமானத்துக்குப் போதிய ஆவணம் இல்லை என்று வங்கி கடன் தர மறுத்துவிட்டது. தெரிந்த ஒருவர் மாதம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு 40 இலட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறார். ஆனால் காணியை அவர் பெயருக்கு அறுதியாக, அதாவது முழு விற்பனையாக, எழுதித் தரவேண்டும் என்றும், கடனும் வட்டியும் அடைந்ததும் திருப்பி எழுதித் தருவதாகவும் சொல்கிறார். இது ஊரில் நடக்கிற வழக்கம்தானே, ஒத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊரில் நடக்கிறது என்பது உண்மை. ஆயினும் நீங்கள் அந்த உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், கையொப்பம் இடக்கூடாது என்பதே என் பதில். தனியாரிடம் கடன் வாங்குவதையே தவறென்று நான் சொல்லவில்லை. வங்கிக்கு வெளியே காணியின் பேரில் பணம் புரளுவது யாழ்ப்பாணத்தில் மிகப் பழைய வழக்கம். அதற்கென்று ஒழுங்கான உறுதி வகைகளும் இங்கே உண்டு. எந்த வகை உறுதியில் கடன் எழுதப்படுகிறது என்பதுதான், கடன் சிக்கலாகும் நாளில் காணி யாருடையது என்பதைத் தீர்மானிக்கிறது. ஆகவே வட்டி வீதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் உறுதியைப் பற்றியே பேசவேண்டும்.

முதலாவது ஈட்டு உறுதி. இதில் காணி உங்கள் மனைவியின் பெயரிலேயே இருக்கும். கடனுக்கு அது பொறுப்பாக மட்டும் நிற்கும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணியை ஈடு வைப்பதும் விற்பதும் விற்பதாக உடன்படுவதும், உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லும். கடன் திரும்பி வராவிட்டால், கொடுத்தவர் 1949 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க ஈட்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, தீர்ப்புப் பெற்று, காணியை ஏலத்தில் விற்பித்துத் தன் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஏலத்தில் கூடுதலாக வரும் பணம் காணிக்காரருக்கே உரியது. வங்கிகளுக்கு 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றத்துக்குப் போகாமலே ஈட்டுக் காணியை ஏலமிடும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. தனி ஆளுக்கு அந்த அதிகாரம் இல்லை. "தவணை தவறினால் காணி எனக்கே சொந்தம்" என்று ஈட்டு உறுதிக்குள் ஒரு வரி எழுதினாலும், நமது பொதுச் சட்டமாகிய உரோமன் டச்சுச் சட்டம் அந்த வரியை ஏற்பதில்லை. கடன் கொடுப்பவர்களில் பலர் ஈட்டு உறுதியை விரும்பாமல் அறுதி உறுதி கேட்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது ஒற்றி. கடன் கொடுத்தவர் காணியைத் தன் வசத்தில் எடுத்து, வட்டிக்குப் பதிலாக அதன் பலனை அனுபவிப்பார்; வாங்கிய கடன் தொகையைக் கொடுத்ததும் காணி திரும்பும். ஒல்லாந்தர் காலத்தில், யாழ்ப்பாணத்துத் திசாவையாக (நிர்வாக அதிகாரியாக) இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707 ஆம் ஆண்டில் தொகுத்து முடித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமாகிய தேசவழமையிலேயே ஒற்றிக்கு விதிகள் இருக்கின்றன. பயிர் நிற்கும்போது இடையில் மீட்டு, ஒற்றி பிடித்தவருக்கு நட்டம் வரக்கூடாது என்ற கவனம் அவற்றில் தெரியும். வயலுக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் பொருந்திய இந்த ஏற்பாடு, கூரை போடாத வீட்டுக்குப் பொருந்தாது.

மூன்றாவது, மீட்பு நிபந்தனையோடு எழுதும் மாற்ற உறுதி. காணி கடன் கொடுத்தவரின் பெயருக்குப் போகும்; ஆனால் குறித்த காலத்துக்குள் குறித்த தொகையைக் கொடுத்தால் திருப்பி எழுதித் தரவேண்டும் என்ற நிபந்தனை அதே உறுதியில் இருக்கும். நிபந்தனை எழுத்தில் இருப்பதால் அதைக் காட்டி வழக்காடலாம். ஆனால் நாள் தவறினால் மீட்கும் உரிமை பெரும்பாலும் அதோடு போய்விடும். ஒன்றரை ஆண்டு என்று எழுதிவிட்டு, வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பணம் இரண்டு மாதம் பிந்தியதால் வளவை இழந்த குடும்பங்கள் நம் அயலிலேயே இருக்கின்றன.

நான்காவதுதான் உங்களிடம் கேட்கப்பட்டது: நிபந்தனை எதுவும் இல்லாத அறுதி உறுதியும், அதற்கு வெளியே ஒரு வாய்ச்சொல்லும். இந்த இடத்தை நீங்கள் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காணியைத் திருப்பி எழுதித் தருவதாகச் சொல்லும் வாக்கும், வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டிப் போட்ட ஒப்பமும், நொத்தாரிசு முன் எழுதப்படாதவரை வெறும் பேச்சுக்குச் சமமானவை. உறுதியை வாசிக்கும் எவருக்கும் உங்கள் மனைவி 40 இலட்சத்துக்குக் காணியை விற்றுவிட்டார் என்பதே தெரியும். வட்டி என்று மாதாமாதம் நீங்கள் கொடுக்கும் பணத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால், அப்படியொரு கடன் இருந்ததற்கே சான்று இருக்காது. அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் இறந்துவிட்டால் அவருடைய பிள்ளைகள் உங்களுக்கு அளித்த வாக்கை அறிந்திருப்பார்களா? அவருக்குக் கடன்காரர் இருந்து, அவர்கள் அவருடைய சொத்து என்று இந்தக் காணியைப் பறிமுதல் செய்ய முனைந்தால் நீங்கள் எந்தக் கடதாசியைக் காட்டுவீர்கள்?

அப்படி எழுதிக் கொடுத்தவருக்குச் சட்டத்தில் வழியே இல்லையா என்றால், உண்டு. ஏற்கெனவே கையொப்பம் இட்டுவிட்டவர்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவு, காணியை மாற்றி எழுதியவர் அதன் பயனுரிமையையும் (அனுபவித்துப் பயன் பெறும் உரிமையையும்) விட்டுக்கொடுக்க எண்ணினார் என்று சூழ்நிலைகளிலிருந்து நியாயமாகக் கொள்ள முடியாவிட்டால், எழுதி வாங்கியவர் அதை முன்னையவரின் நன்மைக்காகவே வைத்திருப்பவர் ஆவார் என்று கூறுகிறது. அந்தச் சூழ்நிலைகள் எவை என்பதை 1947 ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்ட எஹியா லெப்பை எதிர் மஜீத் வழக்கு தெளிவாகச் சொன்னது. எழுதிக் கொடுத்தவரே தொடர்ந்து காணியில் இருக்கிறாரா, உறுதிச் செலவு முழுவதையும் அவரே கொடுத்தாரா, உறுதியில் காட்டிய விலை காணியின் உண்மைப் பெறுமதிக்குச் சற்றும் ஒவ்வாததா என்பவை அவற்றுள் முக்கியமானவை. கோண்டாவிலில் கட்டி முடியாத வீட்டோடு சேர்ந்த நான்கு பரப்பை 40 இலட்சத்துக்கு அறுதியாக விற்பவர் யார் என்று எந்த நீதிபதியும் கேட்பார்.

ஆனாலும் இந்தப் பிரிவை நம்பி ஒருவர் புதிதாகக் கையொப்பம் இடக்கூடாது. சான்றுச் சுமை எழுதிக் கொடுத்தவரின் தலையில்தான் இருக்கும். மாவட்ட நீதிமன்றத்தில் தொடங்கி மேன்முறையீடு வரை பல ஆண்டுகள் ஆகும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. வழக்குக்கு முன்பே அவர் காணியை மூன்றாம் ஆள் ஒருவருக்கு விற்று, அந்த ஆள் உள்ள விடயம் எதுவும் அறியாமல் உரிய விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால், அதே சட்டத்தின் 98 ஆம் பிரிவு அந்த வாங்குனரைப் பாதுகாக்கும். பிறகு உங்களுக்கு மிஞ்சுவது கடன் கொடுத்தவரிடம் பணம் கேட்டு வழக்காடும் உரிமை மட்டுமே. ஆகவே ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்கள் காணியின் இருப்பைக் கைவிடாமல், வட்டியை வங்கிக் கணக்கு மூலமாகவே செலுத்தி, தாமதிக்காமல் ஒரு சட்டத்தரணியைக் காணவேண்டும். வழக்குத் தாக்கல் செய்தவுடன் அது நிலுவையில் இருப்பதைக் காணிப் பதிவகத்தில் பதிவிக்கவும் வேண்டும்.

இன்னொரு வாசலும் உண்டு. நம்மவர்களில் மிகச் சிலரே அதைத் தட்டுகிறார்கள். 1941 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைந்த கடன் இணக்கச் சபை, காணி ஈட்டின் பேரில் எழுந்த கடன்களையும், மீட்பு நிபந்தனையோடு எழுதிய மாற்ற உறுதிகளையும் எடுத்து, இரு பகுதியையும் அழைத்துத் தவணை முறையில் தீர்த்துவைக்க முயலும். நிபந்தனை உறுதியானால், மீட்புக் காலம் முடிவதற்கு முன்பே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். காலம் முடிந்த பின்னர் அழுதுகொண்டு ஓடுவதால் பயனில்லை. நிபந்தனையே எழுதாத அறுதி உறுதிக்கு இந்த வழியும் எளிதில் திறப்பதில்லை என்பதையும் கவனியுங்கள்.

இனி வட்டி. மாதம் நூற்றுக்கு மூன்று என்பது சொல்லும்போது சிறிதாகக் கேட்கிறது. ஆண்டுக்கு அது 36 வீதம். 40 இலட்சத்துக்கு மாதம் 1 இலட்சத்து 20 ஆயிரம், ஆண்டுக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம். வட்டி சேராத கடன் தொகையாகிய முதலில் ஒரு சதமும் குறையாமல், மூன்று ஆண்டு முடிவதற்குள் முதலின் அளவு பணம் வட்டியாகவே போய்விடும். மூன்று மாத வட்டியை முன்கூட்டியே கழித்துக்கொண்டு கொடுப்பதும் இங்கே சாதாரணம். அப்படியானால் உங்கள் கைக்கு வருவது 36 இலட்சத்து 40 ஆயிரம். வட்டியோ 40 இலட்சத்துக்கு. உண்மை வீதம் ஏறத்தாழ 40 வீதத்தைத் தொடும். இந்த வீடு வாடகை தரும் கடைத்தொகுதி அல்ல. முடிந்த பின்னரும் அதிலிருந்து ஒரு ரூபாய் வருமானம் வராது. மாதம் 1 இலட்சத்து 20 ஆயிரத்தை எந்த வருமானத்திலிருந்து கட்டப்போகிறீர்கள் என்ற கேள்விக்கு, வெளிநாட்டில் இருக்கும் மைத்துனரின் பெயரைச் சொல்லாமல், உங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே விடை சொல்ல முடிந்தால் மட்டும் மேலே செல்லுங்கள்.

வட்டிக்குச் சட்டம் சில எல்லைகளை வைத்திருக்கிறது. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, வழக்கில் அறவிடக்கூடிய வட்டி முதலின் தொகையைத் தாண்ட முடியாது. 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கப் பணக்கடன் கட்டளைச் சட்டம், வட்டி மிகையாகவும் கொடுக்கல் வாங்கல் கொடுமையாகவும் இருந்தால் கணக்கை மீளத் திறந்து பார்க்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறது. அதே சட்டத்தின் 10 ஆம் பிரிவு, கடனுக்குப் புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதும் வாக்குறுதிச் சீட்டு) எழுதினால் உண்மையில் கைமாறிய முதல், முன்கூட்டிக் கழித்த தொகை, ஆண்டு வட்டி வீதம் ஆகிய மூன்றும் அதிலேயே தனித்தனியாகக் காட்டப்படவேண்டும் என்கிறது. இலக்கம் எழுதாத காசோலையிலும், ஒன்றும் எழுதாத புரோநோட்டிலும் வெறும் கையொப்பம் வாங்கும் பழக்கம் இந்த விதிக்கு நேர் எதிரானது. காணி உறுதியோடு சேர்த்து அப்படி ஒன்றைக் கேட்டால், அதற்கு உடன்படவே வேண்டாம். உங்களுக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரத்தைக் கொடுக்கும் அற்றோர்னித் தத்துவம் ஒன்றையும் கூடவே எழுதி வாங்க முயன்றால் அந்த ஆளிடமிருந்தே விலகிவிடுங்கள்.

அறுதி உறுதிக்கு இன்னொரு செலவும் இருக்கிறது. அதை அவர் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார். மாற்ற உறுதிக்கு முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும், மிகுதிக்கு 4 வீதமும் ஆகும். 40 இலட்சத்துக்கே கணக்கிட்டாலும் 1 இலட்சத்து 59 ஆயிரம் ரூபாய். காணியின் பெறுமதி கூடுதலாக மதிப்பிடப்பட்டால் இன்னும் ஏறும். திருப்பி எழுதும்போது மறுபடியும் அதே செலவு. இரண்டையும் வழமையாகக் கடன் வாங்கியவரின் தலையிலேயே கட்டுகிறார்கள்.

காணி சீதனக் காணி என்பதால் இன்னும் ஒரு விடயம் இருக்கிறது. அது உங்கள் மனைவியின் தனிச் சொத்து. நீங்கள் தனியே அதை ஈடு வைக்கவோ எழுதிக் கொடுக்கவோ முடியாது. மறுபுறத்தில், 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் மணமான பெண்ணின் காணிக் கொடுக்கல் வாங்கலுக்குக் கணவரின் எழுத்து மூலச் சம்மதத்தைக் கேட்டதால், இருவரும் உறுதியில் கையொப்பம் இடுவதே இங்குள்ள நடைமுறை. நான் இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கணவர் பேசி முடித்த கடனுக்கு, நொத்தாரிசின் மேசையில் வைத்து முதல் முறையாக உறுதியைப் பார்க்கும் மனைவிமார் பலர். அந்தக் காணி அவருடைய தாய் தந்தையர் கொடுத்தது. அவர் முழுவதையும் வாசித்து, கேள்வி கேட்டு, வேண்டாம் என்று சொல்லவும் இடம் இருக்கவேண்டும்.

பணம் கொடுப்பவர் கனடாவிலோ சுவிஸிலோ குடியுரிமை பெற்றவரா என்பதையும் விசாரியுங்கள். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிப் பராதீனக் கட்டுப்பாட்டுச் சட்டம், சில விலக்குகளைத் தவிர, வெளிநாட்டவருக்குக் காணியின் உரித்தை மாற்றுவதைத் தடைசெய்கிறது. இரட்டைக் குடியுரிமை இல்லாத ஒருவருக்கு எழுதும் அறுதி உறுதி அவருக்கும் பாதுகாப்புத் தராது. உங்களையும் தேவையற்ற வழக்கில் மாட்டிவிடும். அப்படிப்பட்ட சந்தர்ப்பங்களில் உள்ளூரில் உள்ள இன்னொருவரின் பெயருக்கு எழுதச் சொல்வார்கள். அப்போது பணம் ஒருவருடையது, உரித்து மற்றொருவருடையது என்றாகி, யாரிடம் கட்டினால் கடன் அடையும் என்பதே தெரியாமல் போய்விடும்.

கடன் கொடுப்பவரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஈட்டு வழக்கு இழுபடும் என்று அவர் அஞ்சுவது வீணான அச்சமன்று. போரில் உறுதிகள் தொலைந்த, எல்லை மாறிய, பங்குகள் பிரிபடாத காணிகள் நிறைந்த மாவட்டம் இது. ஆகவே அவருக்கு வேண்டிய பாதுகாப்பை ஈட்டு உறுதிக்குள்ளேயே கொடுக்க முன்வாருங்கள். குறைந்தது 30 ஆண்டுக்கான பதிவேட்டுத் தேடலை உங்கள் செலவில் செய்து காட்டுங்கள். அண்மைய நில அளவைப் படத்தையும் பிரதேச சபை அனுமதித்த வீட்டு வரைபடத்தையும் கொடுங்கள். முழுப் பணத்தையும் ஒரே நாளில் வாங்காமல், கூரைக்கு ஒரு பங்கு, பூச்சுக்கும் கதவு யன்னலுக்கும் ஒரு பங்கு என்று வேலை ஏறும் அளவுக்கு வாங்கினால் அவருக்கும் பணம் சுவரில் நிற்பது தெரியும். உங்களுக்கும் எடுக்காத பணத்துக்கு வட்டி ஓடாது. ஈட்டு உறுதி, எழுதிய கையோடு யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்யப்படவேண்டும். 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி முந்திப் பதியப்பட்ட உறுதிக்கே முன்னுரிமை என்பதால், இது அவருடைய நன்மைக்குத்தான். ஈட்டின் பேரில் வழக்குத் தொடுக்க அவருக்குப் பத்து ஆண்டு காலம் இருக்கிறது. வட்டி கட்டப்பட்டிருந்தால் கடைசியாகக் கட்டிய நாளிலிருந்து அந்தக் காலம் எண்ணப்படும். இவ்வளவையும் எடுத்துச் சொன்ன பிறகும் அறுதி உறுதிதான் வேண்டும் என்று ஒருவர் நின்றால், அவர் கண் வைத்திருப்பது வட்டியில் அல்ல, காணியில்.

தனியாரிடம் போவதற்கு முன் வங்கி மறுத்த காரணத்தை இன்னொரு முறை பாருங்கள். வருமான ஆவணம்தான் குறை என்றால், உங்கள் வேலைக்கு வரும் பணத்தை ஆறு மாதமாவது கணக்கில் இட்டு எடுத்து, வரிக் கோப்பு ஒன்றைத் திறந்து, மனைவிக்கோ பிள்ளைக்கோ சம்பளம் இருந்தால் கூட்டு விண்ணப்பமாகக் கொடுத்துப் பார்க்கலாம். அரச ஈட்டு முதலீட்டு வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, வீடமைப்பு அபிவிருத்தி நிதிக் கூட்டுத்தாபன வங்கி ஆகியவை வீட்டுக் கடன் கொடுக்கின்றன; ஒன்று மறுத்தால் மற்றதும் மறுக்கும் என்று கொள்ளவேண்டாம். ஊர்ச் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் பெருந்தொகை கிடைக்காது. ஆனால் கூரையை மூடும் அளவுக்குக் கிடைக்கக்கூடும். உண்மையில் 40 இலட்சமும் இப்போதே வேண்டுமா என்பதையும் மேசனோடு இருந்து கணக்குப் பாருங்கள். கூரையும் ஓர் அறையும் கழிவறையும் முடிந்தால் வாடகை வீட்டைவிட்டு வந்துவிடலாம் என்றால், 15 இலட்சத்தோடு நிறுத்தி மற்றதை மெல்ல மெல்லச் செய்வதில் குறையொன்றும் இல்லை.

ஈட்டுக்கு அவர் இணங்கி எழுதுவதானால், நொத்தாரிசை நீங்களே தெரிவுசெய்யுங்கள். அல்லது உறுதியின் வரைவை முன்கூட்டி வாங்கி வேறொரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். தலைப்பில் ஈடு என்று இருக்கிறதா, கைக்கு வரும் தொகையே முதலாக எழுதப்பட்டிருக்கிறதா, வட்டி ஆண்டு வீதமாகக் காட்டப்பட்டிருக்கிறதா, தவணைக்கு முன்பே முதலில் ஒரு பகுதியைக் கட்டிக் குறைக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். பணம் கைமாறியது எப்படி என்பதை நொத்தாரிசு தன் அத்தாட்சியில் எழுதுவார். ஆகவே பணம் வங்கி மூலமாகவே வரட்டும், வட்டியும் வங்கி மூலமாகவே போகட்டும். மூல உறுதிகளை அவரிடம் ஒப்படைத்தால், எந்தெந்த உறுதி, எந்த இலக்கம், எந்தத் திகதி என்று எழுதிய பட்டியலில் அவருடைய கையொப்பத்தைப் பெற்று வைத்திருங்கள்.

கடன் அடையும் நாளில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பழைய உறுதிகளை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். ஈடு மீட்கப்பட்டதை நொத்தாரிசு மூலம் எழுதுவித்து, அந்த வாரத்துக்குள்ளேயே காணிப் பதிவகத்தில் பதிந்து, பதிவேட்டில் ஈடு நீங்கியதைக் காட்டும் பிரதி ஒன்றை எடுத்து, சீதன உறுதியோடு சேர்த்து உங்கள் மனைவியின் கையில் கொடுத்துவிடுங்கள்.